ஆர்கானிக் பழமா, சாதாரணப் பழமா? நல்ல பழம் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்கானிக் பழம் சாதாரணப் பழத்தைவிட நல்லதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பூச்சிக்கொல்லி எச்சம் குறைவாக இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. சத்து அதிகமாக இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆர்கானிக் கட்டுப்படியாகவில்லை என்பதற்காகப் பழத்தையே குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழப்பதுதான் அதிகம். நல்ல பழமாகப் பார்த்து எடுப்பது, ஒழுங்காகக் கழுவுவது, ஒரே பழத்தையே திரும்பத் திரும்ப வாங்காமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுவது, இவை முதலில். ஆர்கானிக் வாங்குவதா என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு பழம் வேண்டும்?

பழமும் காய்கறியும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுச்சத்துக் கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. 80 கிராமை ஒரு பங்கு என்று வைத்தால் ஐந்து பங்கு. அதில் இரண்டைப் பழமாக வைத்துக்கொண்டு மீதியைக் காய்கறிக்கு விடுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்று, சிறிய ஆப்பிள் ஒன்று, திராட்சை 14 அல்லது 15, இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு பங்கு. தோலும் கொட்டையும் நீக்கிய எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

எந்தப் பழத்தில் சத்து அதிகம்?

எந்தச் சத்து என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். வைட்டமின் சி என்றால் கொய்யாவுக்குப் பக்கத்தில் வரக்கூடிய பழங்கள் மிகக் குறைவு: 100 கிராமில் சுமார் 228 மி.கி. பப்பாளியிலும் ஸ்ட்ராபெரியிலும் 60 மி.கி. அளவில் இருக்கிறது, ஆரஞ்சில் 53, ஆப்பிளில் 5 மி.கி. கூட இல்லை. பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவைக்குப் பெரும்பாலான நாடுகள் 100 மி.கி.க்குள்தான் பரிந்துரைக்கின்றன. நடுத்தரக் கொய்யாவில் பாதியே அதைத் தந்துவிடும்.

நார்ச்சத்திலும் கொய்யா முன்னால் நிற்கிறது: 100 கிராமுக்கு 5.4 கிராம். மாதுளை முத்தில் 4, பேரிக்காயில் 3.1, வாழையில் 2.6, தோலோடு ஆப்பிளில் 2.4. தர்பூசணியில் அரைக் கிராம்கூட இல்லை. ஆனால் தர்பூசணியில் லைகோபீன் என்ற சிவப்பு நிறமி நிறைய உண்டு. மாம்பழத்திலும் பப்பாளியிலும் உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் கரோட்டின்கள் உண்டு. கறுப்புத் திராட்சை, நாவல் போன்றவற்றின் கருநீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். நிறம் மாறினால் உள்ளே இருக்கும் சேர்மமும் மாறுகிறது என்பதால், வாரத்தில் மூன்று நான்கு நிறங்கள் தட்டுக்கு வரும்படி வாங்குவது நல்ல பழக்கம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு பயிருக்கும் அடிக்கும் மருந்து வேறு. பழத்தை மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் ஒரே மருந்தின் எச்சம் நாள்தோறும் உடலுக்குள் போகாது.

தொலைவிலிருந்து வந்த பழம் என்பதற்காகச் சத்து கூடிவிடாது. பறித்து நெடுநாள் ஆன பழத்தில் வைட்டமின் சி குறைந்துகொண்டேதான் போகும்.

பழத்தில் சர்க்கரை இருக்கிறதே, நீரிழிவு உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவு தெரிந்து. 15 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்ததை ஒரு வேளைப் பழமாகக் கொள்வது வழக்கம். அந்த 15 கிராம் எவ்வளவு பழத்தில் வருகிறது என்று பாருங்கள்: ஆப்பிள் 110 கிராம், கொய்யா 105, மாம்பழம் 100, திராட்சை 80, வாழைப்பழம் 65, பப்பாளி 140, தர்பூசணி 200. பேரீச்சம்பழத்தில் வெறும் 20 கிராம், அதாவது பெரிய பழமாக ஒன்று. மாம்பழம் கூடவே கூடாது என்று தள்ளிவிட்டு நாலைந்து பேரீச்சை சாப்பிடுபவர் கணக்கை எங்கே தவறவிடுகிறார் என்பது இதில் தெரியும்.

ஒரு வேளைக்கு இந்த அளவு போதும். முழுப் பழமாக, மென்று சாப்பிடுங்கள். சோறோ ரொட்டியோ வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு பழத்தையும் சேர்த்தால் இரண்டின் சர்க்கரையும் ஒன்றாக ஏறும். பழத்தைச் சேர்ப்பதானால் மற்றதைக் குறைக்க வேண்டும். ஒரே பழம் இருவருக்கு இரண்டு விதமாக ஏற்றலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று நீங்களே அறியலாம். மாத்திரை, இன்சுலின் அளவைச் சரிசெய்வது மட்டும் மருத்துவரின் வேலை.

பழச்சாறு குடித்தால் பழம் சாப்பிட்ட கணக்குதானே?

இல்லை. 250 மி.லி. ஆரஞ்சுச் சாறு எடுக்க மூன்று, நான்கு பழம் பிழிய வேண்டும். அதில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும், நார்ச்சத்து ஏறக்குறைய சக்கையோடு போய்விடும். நான்கு ஆரஞ்சை உரித்துச் சாப்பிட யாருக்கும் பொறுமை இருக்காது, சாறாக இருந்தால் இரண்டு நிமிடத்தில் குடித்துவிடலாம். சர்க்கரையே சேர்க்காத சாற்றையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1,87,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. புளூபெரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது.

நல்ல பழத்தை எப்படிப் பார்த்து எடுப்பது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பறித்த பிறகும் பழுக்கும் பழங்கள் ஒரு வகை: மா, வாழை, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, பலா, ஆப்பிள், பேரிக்காய், அவகாடோ, கிவி. பறித்ததோடு பழுப்பது நின்றுவிடும் பழங்கள் இன்னொரு வகை: திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி, தர்பூசணி, ஸ்ட்ராபெரி, செர்ரி, லிச்சி. முதல் வகையைச் செங்காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம். இரண்டாம் வகையை எத்தனை நாள் வைத்திருந்தாலும் இனிப்பு ஏறாது, நிறம் மாறலாம், மெத்தென்று ஆகலாம், அவ்வளவுதான். புளித்த திராட்சையை வாங்கி வைத்துக் காத்திருப்பதில் பயன் இல்லை.

மாம்பழத்தில் நிறத்தை நம்பாதீர்கள்; பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் ரகங்கள் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி உப்பி, காம்பு கொஞ்சம் உள்வாங்கியிருந்தால் காய் முற்றியபின் பறித்தது. தோள் சரிந்து ஒட்டியிருந்தால் முற்றாமல் பறித்தது. பழுத்தாலும் வெம்பலாகத்தான் இருக்கும். காம்பருகே முகர்ந்தால் மணம் வர வேண்டும். வாழையில் விளிம்புகளைப் பாருங்கள். முற்றிய காயில் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும், முற்றாததில் கோணக் கோணமாகத் துருத்தி நிற்கும். தோலில் வரும் பழுப்புப் புள்ளிகள் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிட்டதைச் சொல்கின்றன, கெட்டுப்போனதை அல்ல.

பப்பாளியில் மூன்றில் ஒரு பங்காவது மஞ்சள் ஏறியிருந்தால் வீட்டில் நன்றாகப் பழுக்கும். கொய்யாவில் காம்பருகே ஊசி முனை அளவு துளையோ அதைச் சுற்றி மெத்தென்ற இடமோ இருந்தால் பழ ஈ முட்டையிட்டிருக்கலாம், விட்டுவிடுங்கள். மாதுளை வழவழவென்று உருண்டையாக இருப்பதைவிட, பக்கங்கள் லேசாகத் தட்டையாகி அளவுக்கு மீறிக் கனமாக இருப்பதே நல்லது. உள்ளே முத்துகள் நிறைந்து தோலை முட்டும்போதுதான் அந்தக் கோணங்கள் வரும். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதைவிடத் திருப்பிப் பார்ப்பது மேல்: தரையில் கிடந்த பக்கம் வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் விளைந்தது, வெளிர்பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. அன்னாசியை அடிப்பக்கம் முகர வேண்டும். இனிய மணம் வந்தால் எடுக்கலாம், கள் போலப் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதித்துவிட்டது. ஆரஞ்சு வகைகளுக்குக் கனம்தான் அளவுகோல். இரவிலும் வெப்பம் குறையாத இடங்களில் விளையும் ஆரஞ்சு நன்கு பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும்.

திராட்சையில் கண் போக வேண்டிய இடம் காம்பு. பச்சையாக, வளைந்து கொடுத்தால் புதியது; பழுப்பாகிக் காய்ந்திருந்தால் பழசு. கொத்தை மெதுவாக உதறினால் பழங்கள் உதிரக் கூடாது. மேலே படிந்திருக்கும் வெண்மையான மங்கல் பூச்சு பெரும்பாலும் திராட்சையே உண்டாக்கிக்கொள்ளும் மெழுகு. விரலால் தேய்த்தால் சீராக அகன்று பளபளப்புத் தெரியும். அப்படி அகலாமல் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த வெள்ளைத் தடங்கள் இருந்தால் அது தெளித்த மருந்தின் எச்சமாக இருக்கலாம்.

கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

வீட்டில் உறுதியாகக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை. கல் என்பது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அது பழம் தானே வெளியிடும் எத்திலீனைப் போல வேலை செய்து தோலின் நிறத்தை மாற்றிவிடும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசு கலந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. அதனால்தான் இந்தியா உட்படப் பல நாடுகளில் பழத்துக்கு இதைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. குவியல் முழுவதும் ஒரே அச்சாக மஞ்சளாக இருக்கும், ஆனால் மணம் இருக்காது. வெளியே பழுத்து, அறுத்தால் கொட்டையை ஒட்டிய சதை வெளிறி, கெட்டியாக, புளிப்பாக இருக்கும். தோலில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். பருவம் தொடங்கும் முன்பே வந்து குவியும் பழத்தில் இந்த வேலை அதிகம் நடக்கும். பருவத்தின் நடுவில் வாங்குவது பெரிய பாதுகாப்பு.

தண்ணீரில் போட்டால் கார்பைடு பழம் மிதக்கும் என்று ஒரு சோதனை சுற்றி வருகிறது. மாங்காய் மூழ்குவதும் மிதப்பதும் அது முற்றியதா இல்லையா என்பதைத்தான் காட்டும். கல் வைத்தார்களா என்று அது சொல்லாது.

எத்திலீன் அறையில் பழுக்க வைத்த பழத்தைக் கார்பைடோடு சேர்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில், காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எத்திலீன் கலந்தாலே வாழையும் மாவும் பழுக்கத் தொடங்கும். முற்றிய செங்காயை வாங்கி, ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு மூடி வைத்தால் வீட்டிலேயே அதைச் செய்யலாம். இரண்டு மூன்று நாளில் பழுக்கும். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

தர்பூசணிக்கு ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்களாமே?

ஊசி குத்திய பழம் துளை வழியே கிருமி புகுந்து சீக்கிரம் அழுகும். ஏற்றிய சாயமும் சதை முழுவதும் சீராகப் பரவாது, குத்திய இடத்தைச் சுற்றித் திட்டாகத்தான் நிற்கும். பஞ்சில் தேய்த்து இளஞ்சிவப்பு ஒட்டினால் சாயம் என்கிறார்கள். பழத்தின் சொந்த நிறமே லேசாக ஒட்டத்தான் செய்யும். நடுவில் வெடிப்பு விட்டிருப்பது வளர்ச்சியின்போது வரும் குறை, சாப்பிடலாம். கவலைப்பட வேண்டியது அறுத்து வெயிலில் வைத்த துண்டுகளைப் பற்றித்தான்.

ஆர்கானிக் என்றால் மருந்தே அடிக்காததா?

அப்படி இல்லை. செயற்கைப் பூச்சிக்கொல்லியும் செயற்கை உரமும் கூடாது என்பதுதான் விதி. கந்தகம், செம்புச் சேர்மங்கள், வேப்ப எண்ணெய், செவ்வந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரின், மண் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் ஸ்பினோசாட் போன்றவற்றுக்குப் பெரும்பாலான ஆர்கானிக் விதிகளில் நிபந்தனையோடு இடம் உண்டு. இயற்கையிலிருந்து வந்தது என்பதால் தீங்கற்றது என்று ஆகாது. செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், ஸ்பினோசாட் தேனீக்களுக்கு ஆபத்து. ஆனாலும் மொத்தத்தில் தெளிப்பது குறைகிறது. மருந்து தெளிக்கும் உழவருக்கும் கூலியாளுக்கும் அந்தத் தோட்டத்தின் மண்ணுக்கும் தண்ணீருக்கும் இது பெரிய விஷயம். ஆர்கானிக் வாங்குவதற்கு மிக வலுவான காரணம் இதுதான் என்பது எங்கள் கருத்து. சாப்பிடுபவரைவிடத் தெளிப்பவருக்குத்தான் மருந்து பல மடங்கு அதிகமாகப் படுகிறது.

ஆர்கானிக் பழத்தில் சத்து அதிகமா? நோய் வராமல் தடுக்குமா?

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய தொகுப்பாய்வுகளைப் பார்க்கலாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டதில் வைட்டமின்களில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பூச்சிக்கொல்லி எச்சம் மட்டும் ஆர்கானிக் மாதிரிகளில் 7 சதவீதத்திலும் மற்றவற்றில் 38 சதவீதத்திலும் காணப்பட்டது. நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையில் 343 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து 2014-இல் வந்ததில் ஆர்கானிக் பயிர்களில் பாலிபீனால் என்ற தாவரச் சேர்மங்கள் கூடுதலாகவும் காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவாகவும் இருந்தன. எச்சம் குறைவு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. பாலிபீனால் கூடுதலாக இருப்பதால் சாப்பிடுபவர் ஆரோக்கியம் எவ்வளவு மாறும் என்பது தீர்மானமாகவில்லை. ரகமும் முதிர்ச்சியும் பறித்து எத்தனை நாள் ஆனது என்பதும் சத்தை ஆர்கானிக் முத்திரையைவிட அதிகமாக மாற்றிவிடும்.

எச்சம் குறைவது உடலுக்குள்ளும் தெரிகிறது. 2006-இல் வெளிவந்த சியாட்டில் ஆய்வில் 23 பள்ளிக் குழந்தைகளுக்கு ஐந்து நாள் ஆர்கானிக் உணவு கொடுத்தபோது, மாலத்தியான், குளோர்பைரிபாஸ் என்ற இரண்டு மருந்துகளின் சிதைபொருள்கள் சிறுநீரில் உடனே சரிந்தன. பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி வந்தன. எச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த ஆய்வு காட்டியது. அந்த அளவு நோய் தருமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் முரண்படுகின்றன. பிரான்சில் 68,946 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வந்த ஆய்வில், ஆர்கானிக் மிக அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு. பிரிட்டனில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்து 2014-இல் வந்ததில் மொத்தப் புற்றுநோயில் குறைவே இல்லை. ஆர்கானிக் வாங்குபவர்கள் பொதுவாக வசதியானவர்கள், புகைபிடிப்பது குறைவு, உடற்பயிற்சி அதிகம். இவற்றின் விளைவையும் உணவின் விளைவையும் கணக்கில் முழுவதும் பிரித்தெடுப்பது கடினம். எனவே நோய் தடுக்கும் மருந்தாக ஆர்கானிக்கை விற்பவரை நம்ப வேண்டாம்.

சாதாரணப் பழத்தில் எச்சம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அண்மை ஆண்டறிக்கைகளில் நூற்றுக்கு 96 மாதிரி அளவில் சட்ட வரம்புக்குள் வருகின்றன. கண்காணிப்பு வலுவாக உள்ள சந்தையின் நிலவரம் இது. சோதனை அரிதாக நடக்கும் இடத்துக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க முடியாது. எதற்கு முதலிடம்?

தோலோடு சாப்பிடுவதற்கும் மென்மையான தோல் உள்ளவற்றுக்கும்: ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆப்பிள், பேரிக்காய், பீச், செர்ரி. தடித்த தோலை உரித்துத் தூக்கிப் போடும் அன்னாசி, அவகாடோ, பப்பாளி, தர்பூசணி, மாம்பழம், கிவி போன்றவற்றில் சதைக்குள் எச்சம் குறைவாகவே காணப்படுகிறது; அவற்றைச் சாதாரணமாகவே வாங்கலாம். அமெரிக்காவின் என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். 2024 வரை எச்சம் தென்பட்டதை வைத்தே அது வரிசைப்படுத்தி வந்தது, தீங்கு செய்யும் அளவா என்பதை வைத்து அல்ல.

கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் முன்னுரிமை அவர்களுக்கு. குழந்தை தன் எடைக்குப் பெரியவரைவிட அதிகம் சாப்பிடுகிறது, மூளையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. குழந்தை தினமும் விரும்பிச் சாப்பிடும் ஒரு பழத்தை மட்டும் ஆர்கானிக்காக மாற்றினாலே எச்சத்தில் கணிசமான பகுதி குறையும்.

ஆர்கானிக் என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

எழுத்தை அல்ல, சான்றை நம்புங்கள். ‘இயற்கையானது’, ‘பண்ணையிலிருந்து நேரடியாக’ போன்ற வாசகங்களுக்குச் சட்டப்படி பெரிய பொருள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலை, அமெரிக்க வேளாண் துறையின் வட்ட முத்திரை, இந்தியாவின் ஜைவிக் பாரத் போன்ற சின்னமும் சான்றளித்த அமைப்பின் பெயரோ எண்ணோ இருக்க வேண்டும். சான்று கிடைக்கும் முன் நிலத்தில் தடைசெய்த பொருள்கள் படாமல் காத்திருக்க வேண்டும். அமெரிக்க விதியில் மூன்று ஆண்டு, ஐரோப்பிய விதியில் பழ மரத் தோட்டங்களுக்கு மூன்று ஆண்டு. போன வருஷம் வரை மருந்தடித்த தோப்பு இந்த வருஷம் ஆர்கானிக் என்று சொன்னால் கேள்வி கேளுங்கள்.

பழத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் சாதாரண முறையில் விளைந்ததைக் குறிக்கும்; முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமானால் ஆர்கானிக். வாழைப்பழத்துக்கு 4011, ஆர்கானிக் வாழைக்கு 94011. இது வணிகக் குறியீடு மட்டுமே, சான்றுக்கு மாற்று ஆகாது. சான்று வாங்க வசதியில்லாமல் உண்மையாகவே மருந்தில்லாமல் விளைவிக்கும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும்போது பூச்சி வந்தால் என்ன செய்கிறீர்கள், களைக்கு என்ன செய்கிறீர்கள், எந்த உரம் எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். செய்பவர் விவரமாகச் சொல்வார்.

புழு இருந்தால் அது ஆர்கானிக்தானே?

இல்லை. மருந்தடித்த தோட்டத்திலும் புழு தப்பிக்கும், நன்றாகக் கவனித்த ஆர்கானிக் தோட்டத்தில் புழுவே இல்லாமலும் இருக்கும்.

பழத்தை எப்படிக் கழுவ வேண்டும்?

ஓடும் தண்ணீரில், கையால் தேய்த்து, அரை நிமிடம். பெரும்பாலான வீடுகளுக்கு இது போதும். தண்ணீரில் முக்கி எடுப்பதைவிட ஓடும் நீரில் தேய்ப்பதுதான் அழுக்கையும் கிருமியையும் மேற்பரப்பு மருந்தையும் அகற்றும். கடையில் விற்கும் பழம் கழுவும் திரவங்கள் வெறும் தண்ணீரைவிடப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டும் கூடாது. தோலின் நுண்துளைகளில் தங்கிவிடும்.

ஆப்பிள், பேரிக்காய் போன்ற வழவழப்பான பழத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டுமென்றால் சமையல் சோடா நல்ல வழி. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வில் (2017) லிட்டருக்கு 10 கிராம் சோடா கரைத்த நீரில் ஆப்பிளை ஊறவைத்தபோது தயாபென்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 12 நிமிடத்திலும் பாஸ்மெட் என்ற பூச்சிக்கொல்லி 15 நிமிடத்திலும் மேற்பரப்பிலிருந்து நீங்கின. வீட்டு அளவில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி இரண்டு தேக்கரண்டி சோடா, கால் மணி நேரம், பிறகு ஓடும் நீரில் அலசல். ஆனால் தயாபென்டசோலில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் ஊடுருவியிருந்தது. எந்தக் கழுவலும் அதை எடுக்காது. திராட்சை, ஸ்ட்ராபெரியை இப்படி ஊறவைத்தால் கொழகொழத்துப் போகும், ஓடும் நீரே போதும்.

வாங்கி வந்தவுடன் எல்லாவற்றையும் கழுவி அடுக்காதீர்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். சாப்பிடும் முன் கழுவுங்கள். வெயிலில் சூடான பழத்தைக் குளிர்ந்த நீரில் போடுவதும் நல்லதல்ல. உள்ளே காற்று சுருங்கும்போது காம்புக் குழி வழியாக அழுக்கு நீரை இழுத்துக்கொள்ளும்.

தோலை உரிக்கும் பழத்தையும் கழுவத்தான் வேண்டும், ஆர்கானிக்கையும் கழுவத்தான் வேண்டும். கத்தி தோலில் உள்ள கிருமியைச் சதைக்குக் கொண்டுபோகும். 2011-இல் அமெரிக்காவில் முலாம்பழம் வழியே பரவிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் தொற்றில் 33 பேர் இறந்தார்கள். சொரசொரப்பான முலாம்பழத் தோலைச் சுத்தமான பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, துடைத்துவிட்டு அறுங்கள்.

ஆப்பிளில் மெழுகு தடவுகிறார்களே, அது கெடுதலா?

ஆப்பிளுக்கு இயற்கையிலேயே மெழுகு உண்டு. கழுவித் தரம் பிரிக்கும்போது அது போய்விடுவதால் ஈரம் காயாமல் இருக்கக் கார்னாபா மெழுகு, ஷெல்லாக் போன்ற உண்ணத்தக்க பூச்சை மெல்லியதாகக் கொடுக்கிறார்கள். அது செரிக்காமல் வெளியேறிவிடும். கத்தியால் சுரண்டினால் மெழுகு வருகிறது என்பது மட்டும் கலப்படத்துக்குச் சான்று ஆகாது. பிடிக்கவில்லை என்றால் வெதுவெதுப்பான நீரில் தேய்த்துத் துடையுங்கள், அல்லது தோலைச் சீவிவிடுங்கள். சீவினால் நார்ச்சத்தில் ஒரு பகுதியும் தோலை ஒட்டிய பாலிபீனால்களும் போகும் என்பது தெரிந்திருக்கட்டும்.

உணவுக்குப் பிறகு பழம் சாப்பிட்டால் வயிற்றில் புளித்துவிடுமா?

புளிக்காது. வயிற்று அமிலத்தில் நொதித்தல் நடக்க வழியில்லை. இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் கீரை, பருப்பு உணவோடு கொய்யா அல்லது ஆரஞ்சு சேர்ப்பது நல்லதும்கூட. வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்க உதவும்.

எப்படிச் சேமிப்பது? அறுத்த பழம் எவ்வளவு நேரம் தாங்கும்?

மா, வாழை, பப்பாளி பழுக்கும்வரை வெளியில் இருக்கட்டும். வாழை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் குளிரால் அடிபட்டுத் தோல் கறுத்துவிடும். காயாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் பிறகு சரியாகப் பழுக்காது. ஆப்பிள் எத்திலீனை நிறைய வெளியிடும், அதை மற்றப் பழங்களிலிருந்தும் கீரையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

அறுத்த பழம் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். ஸ்ட்ராபெரி, திராட்சை, பீச் போன்ற மென்மையான பழத்தில் பூஞ்சை தெரிந்தால் அந்தப் பழத்தை முழுவதும் எறியுங்கள். வெட்டி எடுத்தாலும் இழைகள் உள்ளே பரவியிருக்கும். அழுகிய ஆப்பிளைச் சாறுக்கு ஒதுக்குவது மோசமான சிக்கனம். அந்த அழுகலில் பாட்டுலின் என்ற நஞ்சு இருக்கலாம், அது கொதிக்க வைத்தாலும் முழுவதும் அழியாது.

யாரெல்லாம் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது. நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பும் உயிரிழப்பும் வரை போயிருக்கிறது. வாழை, ஆரஞ்சு, உலர் பழங்களில் பொட்டாசியம் அதிகம். இவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

உலர் அத்திப்பழம், ஆப்ரிகாட் போன்றவற்றை நிறம் மாறாமல் வைக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பதுண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுத் திராட்சை தராதீர்கள். மூச்சுக்குழாயைக் கச்சிதமாக அடைத்துவிடும் அளவும் வழவழப்பும் அதற்கு உண்டு. நீளவாக்கில் நான்காக வெட்டி, கொட்டை நீக்கி, உட்கார வைத்துக் கொடுங்கள்.

பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் சில மாத்திரைகளை உடைக்கும் குடல் நொதியை முடக்கி, மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏற வைக்கும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின், நிஃபெடிபின் இந்த வகை. ஒரு பழத்தின் விளைவே ஒரு நாளைக்கு மேல் நீடிக்கலாம் என்பதால், காலையில் மாத்திரை, மாலையில் பழம் என்று நேரம் பிரிப்பது உதவாது. இந்த மாத்திரைகள் தொடரும்வரை ஆரஞ்சுக்கோ கொய்யாவுக்கோ மாறிக்கொள்ளுங்கள்.